சி கிரேடு வாங்கிய கட்டுரை

என் சித்தி பொண்ணு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. 'ஜனநாயகத்தின் எதிர்காலம்' பற்றி மாணவர்கள் ஆய்வு செய்ய ஒரு ஃபெல்லோஷிப்; அதற்கான கட்டுரையை அனுப்பி, "அக்கா, படிச்சுட்டு சொல்லு" என்றாள். நன்றாகவே எழுதியிருந்தாள். அதுதான் பிரச்சினை. பொய்ச்செய்தி, பணபலம், இளைஞர்களின் அக்கறையின்மை என்று வரிசையாக வந்து, கடைசிப் பத்தியில் விழிப்புணர்வும் வந்துவிட்டது. இந்த வகைக் கட்டுரைகள் நிறைய வாசித்திருக்கிறேன், ஒன்றிரண்டு எழுதியும் இருக்கிறேன். முதல் வரிக்கு முன்பே முடிவு தயாராக இருக்கும். தேர்வுக்குழுவின் மனசைக் கண்டுபிடிக்கப் பழகுவோம். வேறு எதையும் கண்டுபிடிக்க மாட்டோம்.

கருத்துச் சொல்வதற்குப் பதில் கிரெகரி வாட்சன் கதையை எழுதி அனுப்பினேன். 1982, டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டின். பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தைப் பற்றி வகுப்புக் கட்டுரை எழுதத்தான் அந்த மாணவர் நூலகம் போனார். அங்கே ஒரு புத்தகத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளத்தை மாற்றினால், அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரவேண்டும் என்று 1789இல் ஜேம்ஸ் மேடிசன் கொண்டுவந்த திருத்தம். போதிய மாநிலங்கள் ஒப்புதல் தராமல் கிடப்பில் கிடந்தது. ஆனால் கெடு எதுவும் வைக்கவில்லையே, அப்படின்னா இன்னும் உயிரோடுதானே இருக்கு? கட்டுரை கேட்டது இவ்வளவுதான். சி கிரேடு போட்டார்கள். முறையிட்டும் மாறவில்லை.

பிறகு கைக்காசைப் போட்டு மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1983இல் மெய்ன் ஒப்புதல் தந்தது, 1984இல் கொலராடோ. 1992 மே மாதம் அது 27ஆவது திருத்தமாகிவிட்டது. கிரேடு 'ஏ' ஆனது 2017இல்.

இதை விடாமுயற்சிக் கதையாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது, எடுத்த தலைப்பை அவர் பாதியில் கைவிட்ட இடம். திட்டம், காலாண்டு அறிக்கை, இறுதி விளக்கக்காட்சி என்று கட்டிவைக்கும் ஃபெல்லோஷிப்பில் அதற்கு இடமிருக்குமா?

அவள் விடவில்லை. "பெண்களோட திருத்தத்தை விட்டுட்டு சம்பளத்துக்குப் போனது மட்டும் சரியாக்கா?"

நியாயமான அடி. அந்தத் திருத்தத்துக்குக் கெடு இருந்தது. போதிய மாநிலங்கள் சேராமல் அதே 1982 ஜூனில் அந்தக் கெடு முடிந்துபோனது. வாட்சன் ஜெயித்ததோ சம்பளம் பற்றிய ஒரு சின்ன விதி. சின்னதாகக் கேட்டால் போதும் என்று நான் சொல்லவந்ததில் ஓட்டை விழுந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடி மெசேஜ். "அக்கா, எங்க ஊர் கிராம சபையில தீர்மானம் போடுறாங்கல்ல, அந்த நோட்டு அப்புறம் எங்க போகுது?"

எனக்குத் தெரியாது என்றேன். விண்ணப்பத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.