அமெரிக்க அரசமைப்பும் அதை வாசிக்கும் மரபுகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று நடைமுறையில் இருப்பது அந்நாட்டின் இரண்டாவது அரசமைப்பு. 1777இல் எழுதி முடிக்கப்பட்டு 1781 மார்ச்சில் அமலுக்கு வந்த கூட்டமைப்பு விதிகளே முதலாவது. அதன்படி உருவானதை ஓர் அரசு என்பதைவிடப் பதின்மூன்று அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கை என்பதே பொருந்தும். காங்கிரஸில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு. பரந்த வர்ஜீனியாவுக்கும் ஒன்று, சின்னஞ்சிறு டெலவேருக்கும் ஒன்று. முக்கிய முடிவு எடுக்க ஒன்பது மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும். விதிகளைத் திருத்துவதென்றால் பதின்மூன்றும் இசைய வேண்டும். நாட்டுக்கென்று நிர்வாகத் தலைவரும் இல்லை, வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை. விடுதலைப் போரில் பட்ட கடனை அடைக்க மாநிலங்களிடம் கையேந்த வேண்டியிருந்தது. இறக்குமதிச் சரக்குக்கு 5 சதவீதத் தீர்வை விதிக்க 1781இல் காங்கிரஸ் அனுமதி கேட்டது. ரோட் ஐலண்ட் மறுத்தது, திட்டம் படுத்துவிட்டது.

1786இல் மேற்கு மாசசூசெட்ஸில் கடனாலும் வரியாலும் நொந்துபோன விவசாயிகள், முன்னாள் போர்வீரரான டேனியல் ஷேஸ் போன்றோர் தலைமையில் நீதிமன்றங்களை மறித்தார்கள். நீதிபதிகள் உட்காராவிட்டால் கடன் வழக்குகளும் ஜப்தியும் நடக்காது என்பது அவர்கள் கணக்கு. கலகத்தை அடக்கக் காங்கிரஸிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. கடைசியில் பாஸ்டன் வணிகர்கள் கொடுத்த பணத்தில் திரட்டிய மாநிலப் படைதான் அதை அடக்கியது. ஏற்கெனவே வலுவான மைய அரசு வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த மாடிசன், ஹாமில்டன் போன்ற அரசியல் தலைவர்களின் பேச்சு இதன்பிறகே எடுபட்டது.

பிலடெல்பியா மாநாடு 1787 மே 25 அன்று தொடங்கி செப்டம்பர் 17 அன்று முடிந்தது. ரோட் ஐலண்ட் ஆள் அனுப்பவில்லை. மற்ற 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்தார்கள். தலைமை ஜார்ஜ் வாஷிங்டன். கூடியவர்களுக்கு இடப்பட்ட வேலை பழைய விதிகளைத் திருத்துவது மட்டுமே. அவர்களோ அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். பேசியது எதுவும் வெளியே போகக்கூடாது என்பது விதி. அந்தக் கோடையிலும் ஜன்னலைச் சாத்திவைத்துப் பேசினார்கள். உள்ளே நடந்ததை நாம் அறிவது பெரும்பாலும் மாடிசன் அன்றாடம் எழுதிய குறிப்புகளால்தான். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1840இல்தான் அவை அச்சேறின.

மாநாட்டை முறிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது பிரதிநிதித்துவப் பிரச்சினை. மக்கள்தொகைப்படி இடம் வேண்டும் என்றது வர்ஜீனியா திட்டம். மாநிலத்துக்கு ஒரு வாக்கே நீடிக்க வேண்டும் என்றது நியூ ஜெர்சி திட்டம். பிரதிநிதிகள் அவையில் மக்கள்தொகைப்படி, செனட்டில் மாநிலங்களுக்குச் சம இடம் என்ற சமரசம் ஜூலை 16 அன்று 5க்கு 4 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. மாசசூசெட்ஸ் பிரதிநிதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்த மாநிலத்தின் வாக்கு எந்தப் பக்கமும் சேரவில்லை. இன்னொரு சமரசத்தின் முகம் வேறு. தென்மாநிலங்களின் இடங்களைக் கணக்கிட, அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு சேர்த்துக்கொள்ளப்பட்டது. அடிமை இறக்குமதியை 1808க்கு முன் காங்கிரஸ் தடுக்க முடியாது. தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இவ்வளவையும் எழுதிய சாசனத்தில் அடிமை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தெரியாமல் நேர்ந்த விடுபடல் அல்ல இது. செய்வது இன்னதென்று அறிந்தவர்கள் கூசிக்கொண்டு மறைத்தது.

கடைசி வாரத்தில் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், குடிமக்களின் உரிமைப் பட்டியல் ஒன்றைச் சேர்க்கலாம் என்றார். வாக்களித்த மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. இறுதிவரை இருந்தும் மேசன், எல்பிரிட்ஜ் கெர்ரி, எட்மண்ட் ராண்டால்ஃப் மூவரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். 39 பேர் போட்டார்கள்.

ஒப்புதலுக்காகச் சாசனம் மாநிலங்களுக்குப் போனபோதுதான் அமெரிக்க அரசியல் சிந்தனையின் முதல் இரு பள்ளிகள் முழு உருவம் பெற்றன. ஆதரித்தவர்கள் ஃபெடரலிஸ்டுகள். அவர்கள் தரப்பில் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளில் 51ஐ ஹாமில்டனும், 29ஐ மாடிசனும், 5ஐ ஜான் ஜேயும் எழுதியதாக இன்று ஏற்கப்படுகிறது. பத்தாம் கட்டுரையில் மாடிசன் வைத்த வாதம் அன்றைய நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. குடியரசு சிறிய நாட்டுக்கே ஒத்துவரும் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். நாடு பெரிதானால் கோஷ்டிகளும் பெருகும். எந்த ஒன்றும் மற்றவற்றை எளிதில் அமுக்க முடியாது. ஆகவே பெரிய குடியரசே பாதுகாப்பானது என்றார் அவர்.

எதிர்த்தரப்பில் ‘புரூட்டஸ்’ என்ற பெயரில் எழுதியவர் சளைத்தவர் அல்ல. அவ்வளவு பெரிய நாட்டில் பிரதிநிதிக்குத் தன் மக்களைத் தெரியாது, மக்களுக்கும் அவரைத் தெரியாது என்பது அவர் வாதம். ஆயுள்காலப் பதவியில் இருக்கும் நீதிபதிகள் சாசனத்துக்குத் தாங்கள் விரும்பும் பொருளைத் தந்து மாநில அதிகாரத்தை மெல்ல விழுங்குவார்கள் என்றும் எச்சரித்தார். இதற்குப் பதிலாகவே 78ஆம் கட்டுரையில் ஹாமில்டன், படையும் பணமும் கையில் இல்லாத நீதித்துறைதான் அரசின் மூன்று துறைகளிலும் பலவீனமானது என்று எழுதினார். வாக்கில் ஹாமில்டன் பக்கம் வென்றது. பின்னாளில் நீதிமன்றம் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் புரூட்டஸின் கணிப்பே மேல்.

வென்றதும் மயிரிழையில்தான். மாசசூசெட்ஸ் 187–168, வர்ஜீனியா 89–79, நியூயார்க் 30–27. தேவைப்பட்ட ஒன்பதாவது மாநிலமாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21 அன்று சேர்ந்தது. பிடிவாதம் பிடித்த ரோட் ஐலண்ட் 1790இல் 34–32 என்று கடைசியாக வந்தது. தயங்கிய மாநிலங்களை இழுத்துவர, திருத்தங்கள் பின்னால் வரும் என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1789 ஜூனில் மாடிசனே அவற்றைக் காங்கிரஸில் முன்வைத்தார். மாநிலங்களுக்கு அனுப்பிய 12 திருத்தங்களில் 10 மட்டும் 1791 டிசம்பர் 15 அன்று நிறைவேறின. பேச்சுரிமை, சமய உரிமை, ஜூரி விசாரணை எல்லாம் அடங்கிய அந்த உரிமைச் சாசனம், தோற்ற தரப்பின் கோரிக்கையால் கிடைத்தது. பாடநூல்கள் அவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குவதோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை.

சாசனம் அமலாகி இரண்டே ஆண்டுகளில் அதை உருவாக்கிய தலைமுறையினரே அதன் பொருள் குறித்துப் பிரிந்தார்கள். தேசிய வங்கி தொடங்கக் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டா என்பது கேள்வி. வங்கி என்ற பேச்சே சாசனத்தில் இல்லை. கொடுத்த அதிகாரங்களை நிறைவேற்றத் தேவையான, தகுந்த சட்டங்களை இயற்றலாம் என்ற பொது விதி மட்டும் உண்டு. அது இல்லாமல் முடியாது என்றால்தான் தேவை எனலாம் என்றார் வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சன். நோக்கத்துக்கு உதவினாலே போதும் என்றார் ஹாமில்டன். இருவரும் எழுதித் தந்த குறிப்புகளைப் படித்த அதிபர் வாஷிங்டன் 1791 பிப்ரவரியில் மசோதாவில் கையெழுத்திட்டார். இறுக்கிப் படிக்கும் பள்ளி, நெகிழ்த்திப் படிக்கும் பள்ளி என்ற பிரிவு இங்கே தொடங்குகிறது. 1819இல் மேரிலண்ட் மாநிலம் வங்கிமீது வரி போட்ட வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஹாமில்டன் வாசிப்பை ஏற்றார். ஆனாலும் ஜெஃபர்சன் பள்ளி மறையவில்லை. மைய அரசின் சட்டம் ஒன்று பிடிக்காதபோதெல்லாம் அது உயிர்த்தெழுகிறது.

சாசனத்துக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என மார்ஷல் நிலைநாட்டியது 1803இல், மார்பரி வழக்கில். 1801இல் பதவி முடியும் நேரத்தில் அதிபர் ஆடம்ஸ் சிலரைச் சமாதான நீதிபதிகளாக நியமித்தார். ஆணைகளில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்துவிட்டன. சிலருடையவை போய்ச் சேரவில்லை. அனுப்பியிருக்க வேண்டியவர், அப்போது வெளியுறவுச் செயலராகவும் இருந்த அதே மார்ஷல்! புதிய செயலர் மாடிசன் ஆணையைத் தர மறுக்க, ஆணை வந்து சேராதவர்களில் ஒருவரான மார்பரி நேராக உச்ச நீதிமன்றம் போனார். மார்பரிக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் முதலில் சொன்னது. இத்தகைய வழக்கை நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தை இந்த நீதிமன்றத்துக்கு 1789ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது, அது சாசனத்தை மீறுவதால் செல்லாது என்று பிறகு முடித்தது. சின்ன அதிகாரம் ஒன்றை விட்டுக்கொடுத்துப் பெரிய அதிகாரத்தைக் கைப்பற்றிய கெட்டிக்காரத் தீர்ப்பு. இன்றைய அளவுகோலில் மார்ஷல் அந்த வழக்கிலிருந்தே விலகியிருக்க வேண்டும்.

மூன்றாவது பள்ளி ஒன்றும் இருந்தது. அரசமைப்பு என்பது மாநிலங்களிடையே ஆன ஒப்பந்தம், ஆகவே அதை மீறும் மைய அரசுச் சட்டத்தை மாநிலமே ஒதுக்கலாம் என்பது அதன் கொள்கை. 1798இல் ஜெஃபர்சனும் மாடிசனும் எழுதிக்கொடுத்த கென்டக்கி, வர்ஜீனியா தீர்மானங்களில் அதன் வித்து இருக்கிறது. தென் கரோலினாவின் கால்ஹூன் அதை 1830களில் முழுக் கோட்பாடாக்கினார். அந்தப் பள்ளிக்கு இறுதிப் பதில் நீதிமன்றத்தில் கிடைக்கவில்லை, 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கிடைத்தது. போருக்குப்பின் வந்த 13, 14, 15ஆம் திருத்தங்கள் அடிமை முறையை ஒழித்தன; மாநிலங்களும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை யாருக்கும் மறுக்கக்கூடாது என்றன; நிறம் பார்த்து வாக்குரிமையைப் பறிக்கவும் தடை விதித்தன. மைய அரசை மட்டுமே கட்டுப்படுத்திய உரிமைச் சாசனத்தின் பெரும்பகுதி மாநிலங்களையும் கட்டுப்படுத்தத் தொடங்கியது 14ஆம் திருத்தத்தின் வழியாகத்தான். அதற்கும் 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீதிமன்றம் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்ற அளவுகோல்கள் உருவானதும் அந்த நூற்றாண்டில்தான். ரொட்டிக் கடைத் தொழிலாளரை வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை 1905இல் நீதிபதிகள் 5க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தார்கள். ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறதாம். 1937இல் ஒரு ஹோட்டல் பணிப்பெண்ணின் கூலி வழக்கில் அந்தப் போக்கு கைவிடப்பட்டது. அதன்பின் மூன்று படிநிலைகள் வந்தன. சாதாரணப் பொருளாதாரச் சட்டத்துக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தால் போதும். இனத்தை வைத்துப் பிரிக்கும் சட்டத்துக்கும் அடிப்படை உரிமையைத் தொடும் சட்டத்துக்கும் கடுமையான சோதனை: தவிர்க்க முடியாத நோக்கம் இருக்க வேண்டும், வழியும் அதற்கு மட்டுமே அளந்து வெட்டியதாக இருக்க வேண்டும். ஆண், பெண் என்று பிரிக்கும் சட்டங்களுக்கான நடுப்படி 1976இல் ஒரு பீர் வழக்கில் பிறந்தது. ஓக்லஹாமாவில் 3.2 சதவீத பீரைப் பெண்கள் 18 வயதில் வாங்கலாம், ஆண்கள் 21 வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் விழுந்தது.

அளவுகோல் இருப்பதாலேயே நீதி கிடைத்துவிடாது. இனப் பாகுபாட்டைக் கடுமையாக ஆராய வேண்டும் என்று 1944இல் சொன்ன கொரெமாட்சு தீர்ப்பே, ஜப்பானிய வம்சாவளியினரை வீடுவாசலிலிருந்து வெளியேற்றிய ஆணையையும் ஏற்றுக்கொண்டது.

இன்றைய இரு பெரும் பள்ளிகளின் சண்டை காலத்தைப் பற்றியது. இயற்றிய காலத்து மக்கள் என்ன பொருளில் புரிந்துகொண்டார்களோ அதுவே சாசனத்தின் பொருள் என்பது ஒரு பள்ளி. நீதிபதி ஸ்கேலியா அதன் முகமாக இருந்தவர். பொதுவிதிகளை அந்தந்தத் தலைமுறையின் நிலைமைக்கு ஏற்பப் பொருத்த வேண்டும் என்பது மற்றது. அதற்கு நீதிபதி பிரென்னன். தனிநபர் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை 5க்கு 4 என்று ஏற்ற 2008ஆம் ஆண்டு ஹெல்லர் வழக்கில், தீர்ப்பும் மறுப்பும் 18ஆம் நூற்றாண்டு வரலாற்றையே புரட்டிச் சான்று காட்டின. வரலாற்றைத் தேடிப்போனால் சர்ச்சை தீரும் என்ற நம்பிக்கைக்கு அது நல்ல பாடம்.

இந்த மரபின் ஒரு கிளை சென்னையைத் தொட்டது. 1947இல் அமெரிக்கா சென்ற, இந்திய அரசமைப்பு நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அங்கே நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். சட்டம் நியாயமானதா என்று பார்க்கும் அதிகாரத்தை நீதிபதிகளுக்குக் கொடுத்தால் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்குத் தடையாகும் என்பது ஃபிராங்ஃபர்ட்டர் சொன்ன கருத்து. அரசமைப்பு வரைவுக் குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் அதே கருத்தினர். இந்திய அரசமைப்பின் 21ஆம் பிரிவு அதற்கேற்ப, சட்டம் வகுத்த நடைமுறை இருந்தால் போதும் என்று எழுதப்பட்டது. சென்னை மாநிலத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் 1950இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் குறுகிய வாசிப்பையே எடுத்தது. நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அது மாற்றிச் சொல்ல, 1978இல் மேனகா காந்தி வழக்கு வர வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் வாசிப்புக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்குக் காரணம், திருத்துவது அவ்வளவு கடினம் என்பதே. வழக்கமான வழியில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கின் ஒப்புதலும் வேண்டும். இதுவரை நிறைவேறிய திருத்தங்கள் 27. கடைசித் திருத்தம், 1789இல் அனுப்பிய பன்னிரண்டில் தேங்கிப்போன ஒன்று: காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அது அடுத்த தேர்தலுக்குப் பிறகே அமலாகும். அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று 1982இல் டெக்சாஸ் மாணவர் ஒருவர் கட்டுரை எழுதினார். ஆசிரியர் ‘சி’ போட்டார். மாணவர் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுத, 1992 மே மாதத்தில் அந்தத் திருத்தம் நிறைவேறியது. 2017இல் பல்கலைக்கழகம் அந்த மதிப்பெண்ணை ‘ஏ’ என்று மாற்றியது.