நொச்சிக்கு எலி சொன்ன சாட்சி

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சன்னதி உண்டு. அமாவாசைக்கு லேகியம் கொடுப்பார்கள். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாலும், மூட்டுவலிக்கு இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் தேடுவது நொச்சியைத்தான். ஐந்து விரல் விரித்தாற்போல இலை, அடிப்புறம் சாம்பல் பூத்திருக்கும். விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, துணியில் முடிந்து, பொறுக்கிற சூட்டில் முட்டியில் ஒற்றுவார்கள்.

‘நொச்சி வலி போக்கும், ஆய்விலேயே நிரூபணம்’ என்கிற பேச்சு இப்போது அதிகம். நிரூபணம் நடந்த இடம் பெரும்பாலும் எலிக்கூண்டு.

அங்கே வலியை அளக்கும் வெந்தட்டுச் சோதனை 1944இல் வுல்ஃப், மெக்டொனால்டு இருவரும் தந்தது. 55 டிகிரிச் சூட்டில் இருக்கும் தட்டில் சுண்டெலியை விட்டு, அது பாதத்தை நக்கவோ துள்ளவோ எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். பாதம் வெந்துவிடாதபடி, பல ஆய்வுக்கூடங்களில் 15 விநாடியில் எடுத்துவிடுவார்கள். அசெட்டிக் அமிலச் சோதனை 1959 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அமிலத்தை வயிற்றறைக்குள் ஊசியேற்றி, எலி வயிற்றை இழுத்து முறுக்கிக்கொள்ளும் தடவைகளை எண்ணுவார்கள். வலிநிவாரணி அல்லாத சில மருந்துகளும் அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

இந்தச் சோதனைகளில் பெரிய ஓட்டை தூக்கம். எலி அசையவில்லை என்றால் வலிக்கவில்லை என்று கொள்கிறோம். அது மயங்கிக் கிடந்தால்? நொச்சி விஷயத்தில் இது வெறும் குதர்க்கம் இல்லை. 1999இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், நொச்சி இலையின் மெத்தனால் சாறு பென்டோபார்பிட்டோன் என்ற தூக்கமருந்து தரும் தூக்கத்தை நீட்டித்தது. அதே சாறு வலியைக் குறைத்ததாகவும் அந்த ஆய்வே சொன்னது. சுழல்தண்டில் எலியை ஏற்றி, விழாமல் நிற்கிறதா என்று பார்க்காத எந்த வெந்தட்டுக் கணக்கையும் நான் ஏற்கமாட்டேன். மருந்து பெற்ற எலி எது என்று தெரிந்தவரே விநாடி எண்ணினால் இன்னும் மோசம்.

2003இல் வெளியான கொழும்பு ஆய்வு 1999 ஆய்வைவிட ஒரு படி மேல். முற்றிய பச்சை இலையை நீரில் வடித்து எலிக்கு வாய்வழி கொடுத்தார்கள். வீக்கமும் குறைந்தது, வலியும் குறைந்தது. ஆல்கஹாலில் ஊறவைக்காமல் நீரில் வடித்தது நம் அடுப்படிக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனாலும் இங்கே நொச்சியை யார் குடிக்கிறார்கள்? வேது பிடிப்பார்கள், ஒத்தடம் கொடுப்பார்கள்.

அளவையும் பாருங்கள். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், சுண்டெலி அளவை மனித அளவாக்கும் வழக்கமான கணக்குப்படி 12.3ஆல் வகுக்க, 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய 2 கிராம் சாறு. காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்குதான் சாறாகத் தேறும் என்று வைத்தால் 20 கிராம் இலை. தினமும் விழுங்கினால் ஈரல் என்ன சொல்லும் என்பதற்கு வெந்தட்டில் விடை இல்லை.

என் தீர்ப்பு: நொச்சியில் ஏதோ இருக்கிறது என்று காட்ட எலிச் சோதனை போதும். பல வருஷம் தேய்ந்த முட்டியின் வலி தீரும் என்று புட்டியில் அச்சடிக்கப் போதாது. ஒரே பதத்துச் சூட்டில் நொச்சி முடிச்சை ஒரு கூட்டத்துக்கும், வேறு இலை முடிச்சை இன்னொரு கூட்டத்துக்கும் ஒற்றிப் பார்த்தால்தான் வேலை செய்வது இலையா, சூடா என்று தெரியும். அதிலும் ஒரு சிக்கல்: கண்ணைக் கட்டினாலும் தாடிக்கொம்புக்காரருக்கு நொச்சி வாசம் தெரிந்துவிடும்.