கல் வைக்க முடியாத இடத்தில் ஒரு கவிதை: மஜீத் நஃபீஸி

கவிதைத் திறனாய்வுக் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ‘கவிஞர் தம் சோகத்தை வெளிப்படுத்துகிறார்.’ தப்பில்லைதான். ஆனா, என்ன சோகம், அதை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டால் பல மாணவர்களிடம் பதில் வராது. இதை விளக்க நான் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் கவிஞர், ஈரானிலிருந்து புலம்பெயர்ந்த மஜீத் நஃபீஸி.

முதலில் அவருடைய வாழ்க்கை. 1952இல் இஸ்பஹான் நகரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர். மன்னர் ஷாவின் ஆட்சியை எதிர்த்த இடதுசாரி இளைஞர்களில் ஒருவர். 1979இல் புரட்சி வென்றது. ஆனால் புதிய ஆட்சி இடதுசாரிகளையும் ஒடுக்கத் தொடங்கியது. 1982 ஜனவரியில் அவருடைய மனைவி எஸ்ஸத் தபாயியானுக்கு எவின் சிறையில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சகோதரர் ஒருவரையும் அவர் இப்படியே இழந்தார். 1983இல் நாட்டைவிட்டுத் தப்பி, துருக்கி, பிரான்ஸ் வழியாக லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்தார்.

இனி கவிதைக்கு வருவோம். தெஹ்ரானுக்கு அருகே காவரான் என்றோர் இடுகாடு உண்டு. கொல்லப்பட்ட அரசியல் கைதிகள் பலர் அங்கே புதைக்கப்பட்டார்கள். பெயர் பொறித்த கல் வைக்கக் குடும்பத்தாருக்கு அனுமதி இல்லை. ‘அடையாளமிட்ட புதையல்’ என்று பொருள்படும் தலைப்பில் நஃபீஸி எழுதிய கவிதை, அங்குள்ள குழி இருக்கும் இடத்தைக் காலடிக் கணக்கில் சொல்கிறது. புதையலுக்கு வழி சொல்வார்களே, அதைப்போல!

இங்கே ‘அழுகை’, ‘துயரம்’ என்ற சொற்களுக்கு வேலையே இல்லை. அடையாளக் கல் செய்ய வேண்டிய வேலையை அந்தக் காலடிக் கணக்கு செய்கிறது. கல்லைப் பிடுங்கி எறியலாம். மனப்பாடமான வழியை யாரால் பிடுங்க முடியும்? கவிஞருக்குக் கண்பார்வை மிகக் குறைவு என்பதையும் சேர்த்து நினைத்தால், எண்ணி நடக்கும் அந்த நடை இன்னும் கனக்கிறது.

அவருடைய நடை எளிமையானது. நவீனப் பாரசீகக் கவிதையின் முன்னோடி நீமா யூஷிஜ் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். பழைய யாப்பின் சம அடிகளைத் தளர்த்தியவர் நீமா. நஃபீஸி அந்த வழியில் பேச்சுக்கு இன்னும் அருகே வந்துவிட்டார். இதில் ஒரு குறையும் உண்டு. சில கவிதைகள் நாட்குறிப்பு போலவே நின்றுவிடுகின்றன.

புகுந்த ஊரையும் அவர் பாடினார். லாஸ் ஏஞ்சலிஸைப் பற்றிய அவருடைய கவிதை வரிகளை அந்நகரின் வெனிஸ் கடற்கரையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கவிஞரின் சொல்லுக்கு அந்நிய ஊரில் இடம் கிடைத்தது. மனைவியின் பெயருக்குச் சொந்த மண்ணில் ஒரு கல் கிடைக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ‘புலம்பெயர்வு’ என்ற சொல்லின் முழுப்பொருள் பிடிபடுகிறது.

மாணவர்களே, அடுத்த முறை ‘சோகம்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடாதீர்கள். அந்தச் சோகத்தைக் கவிஞர் எந்தப் பொருளில், எந்தச் செயலில் வைத்திருக்கிறார் என்று தேடி, அதையும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். உங்கள் திறனாய்வு அங்கேதான் தொடங்குகிறது.