காட்டில் மனிதனுக்கு என்ன வேலை?

மொசாம்பிக்கின் நியாசா காட்டில் தேன் தேடிக் கிளம்பும் யாவோ மக்கள் 'பிர்ர்ர்-ஹ்ம்' என்று குரல் கொடுப்பார்கள். அந்தக் குரலுக்குத் தேன்காட்டிப் பறவை வரும். மரத்துக்கு மரம் தாவித் தேன்கூடு வரைக்கும் கூட்டிப்போகும். கூட்டை வெட்டியபின் தேன் மனிதருக்கு, மெழுகு பறவைக்கு. இத்தனைக்கும் இது யாரும் வளர்த்துப் பழக்கிய பறவையல்ல. கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழுவினர் 2016இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், வேறு ஒலிகளுக்குப் பறவை தேன்கூட்டைக் காட்டிக்கொடுக்கும் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு. யாவோ குரலுக்கு 54 விழுக்காடு. 2023இல் வந்த தொடர் ஆய்வு இதைவிடச் சுவையானது. தான்சானியாவின் ஹட்சா மக்கள் சீட்டியடித்து அழைக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பறவைகள் யாவோ குரலைவிடச் சீட்டிக்கே அதிகம் செவிசாய்க்கின்றன. அந்தந்த ஊர் மனிதரின் வழக்கத்தைப் பறவையும் கற்றுவைத்திருக்கிறது.

மனிதன் இயற்கையோடு மீண்டும் சேர்வது பற்றி இன்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பறவையைக் கண்டுகொள்வதில்லை. அந்தப் பேச்சு வேறொரு வழியில் வந்தது. ஜப்பானின் வனத்துறை 1982இல் 'காட்டுக் குளியல்' என்ற பெயரில் மக்களைக் காட்டு நடைக்கு அழைத்தது. 1984இல் ரோஜர் உல்ரிச், பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகளில், சன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள் என்று காட்டினார். அதே ஆண்டில் எட்வர்ட் வில்சன், உயிர்கள் மீதான ஈர்ப்பு மனிதனுக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று ஒரு நூல் எழுதினார். 2005இல் ரிச்சர்ட் லூவ், குழந்தைகள் வெளியே விளையாடாமல் போனதற்கு ஒரு நோய்ப்பெயரே சூட்டினார்.

எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் இந்த வரிசை முழுக்க மனிதன் பார்வையாளனாகவே இருக்கிறான். மரத்தைப் பார்க்கிறான், மூச்சை இழுத்துவிடுகிறான், வீட்டுக்குப் போகிறான். நம் மூதாதையர் காட்டில் இருந்தது இப்படியா?

மானிடவியலாளர்கள் சொல்வது வேறு. நீலகிரிப் பகுதியில் நாயக்கர் என்றும் காட்டுநாயக்கர் என்றும் அறியப்படும் மக்களோடு தங்கி ஆய்வுசெய்த நூரித் பேர்ட்-டேவிட், காட்டை அவர்கள் பிள்ளைக்குச் சோறு போடும் பெற்றோராகவே கருதுகிறார்கள் என்று 1990இல் எழுதினார். அதற்கு ஓராண்டு முன்பு, ஆளில்லாக் காடே தூய காடு என்னும் அமெரிக்கக் கருத்து இந்தியா போன்ற நாடுகளில் ஏழைகளை வெளியேற்றத்தான் உதவும் என்று ராமச்சந்திர குஹா கடுமையாகச் சாடியிருந்தார். 1872இல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா உருவானபோது, ஷோஷோனி உள்ளிட்ட பழங்குடிகள் தலைமுறைகளாகப் புழங்கிய நிலம்தான் 'கன்னி நிலம்' ஆனது. வில்லியம் குரோனன் 1995இல் இதையே அமெரிக்கர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. சத்தியமங்கலம் காட்டை அடுத்து, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது பிலிகிரிரங்கன் மலை. அங்கே வாழ்பவர்கள் சோளகர், ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் வழியே தமிழ் வாசகர்கள் அறிந்த மக்கள். கோடை முற்றுவதற்கு முன்பே காட்டுத் தரையில் கிடக்கும் சருகுக்குச் சிறு தீ வைப்பது அவர்கள் வழக்கமாக இருந்தது. அதன் பெயர் 'தரகு பெங்கி'. முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத தீ, பெருமரங்களைத் தொடாது. 1974இல் மலை சரணாலயமாகி, இந்தத் தீயும் நின்றது.

பிறகு நடந்ததை ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் அளந்தார்கள். 1997க்கும் 2008க்கும் இடையில், களையாகப் பரவும் உண்ணிச்செடி காணப்பட்ட இடங்கள் 41 விழுக்காட்டிலிருந்து 81 விழுக்காடாகப் பெருகின. சருகுத் தீ நின்றதுதான் காரணம் என்பது சோளகர் தரப்பு. மெல்லிய தீ உண்ணியின் இளங்கன்றுகளைக் கருக்கிவிடும், நெல்லி மரத்தில் ஏறும் புல்லுருவியையும் மட்டுப்படுத்தும் என்கிறார்கள். ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தைப் பழங்கதை என்று தள்ளாமல் ஆய்வேடுகளில் எழுதினார்கள். உண்ணி மண்டிய காட்டில் புல் முளைப்பதில்லை. மேயும் விலங்குக்கு அங்கே என்ன கிடைக்கும்? சருகு தேங்கிக் கிடந்து கடுங்கோடையில் பற்றினால், அந்தத் தீ முழங்காலோடு நிற்பதுமில்லை.

காட்டோடு சேர்வதற்குப் பழங்குடி ஆவதுதான் வழியா என்று சிலர் கேலியாகக் கேட்பதுண்டு. நகரத்தார் யாரும் தேனெடுக்கப் போகவேண்டாம். தேனெடுக்கத் தெரிந்தவரைத் துரத்தாமல் இருந்தால் போதும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்தத் திசையில்தான் போனது. 2011இல் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. புலிக் காப்பகத்துக்குள் இத்தகைய உரிமையை முதலில் வென்றவர்கள் என்று அவர்கள் பேசப்படுகிறார்கள். அந்த மலையில் கண்டறியப்பட்ட ஒரு குளவிப் பேரினத்துக்கு ஏட்ரீ அறிவியலாளர்கள் சோளகரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

சருகுத் தீ விஷயத்தில் மட்டும் கதவு திறக்கவில்லை. சரணாலயத்துக்குள் தீ வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உண்ணியை ஆள்வைத்து வெட்டுவதற்கு வனத்துறை பணம் செலவழிக்கிறது. வெட்டிய வேரிலிருந்து அது மறுபடி துளிர்க்கிறது. மலையின் ஒரு பகுதியையாவது சோளகரிடம் ஒப்படைத்து, அறிவியலாளர்களை உடன்வைத்து, அந்தப் பழைய தீயை ஒருமுறை சோதித்துப் பார்க்க அரசு முன்வர வேண்டும்.