ராய் ஹார்க்ரோவின் முதல் ஆல்பம்

டெக்சாஸின் வேக்கோவில் 1969இல் பிறந்து டாலஸில் வளர்ந்தவர் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் ராய் ஹார்க்ரோவ். நோவஸ் நிறுவனம் 1990இல் வெளியிட்ட 'டைமண்ட் இன் தி ரஃப்' அவருடைய முதல் ஆல்பம். டாலஸில் பள்ளி மாணவராக இருந்தபோதே புகழ்பெற்ற ட்ரம்பெட் கலைஞர் விண்டன் மார்சலிஸ் அவரைக் கண்டெடுத்தார் என்ற கதை ஆல்பத்துக்கு முன்பே ஊரெல்லாம் ஓடியிருந்தது. இப்படிப்பட்ட கதைகள் விற்பனைக்கு உதவும், காதுக்கு இடைஞ்சல்.

வேக உருப்படிகளை முதலில் முடித்துவிடலாம். விரல் ஓடுகிறது, மூச்சு நிற்கிறது. ஆனால் பிடிகளில் பாதி முந்தைய ட்ரம்பெட் வித்துவான்களான கிளிஃபர்ட் பிரௌன், ஃப்ரெடி ஹப்பர்ட் வீட்டுச் சொத்து. அன்டோனியோ ஹார்ட்டின் ஆல்டோ சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் இழையும்போது ஐம்பதுகளின் ப்ளூ நோட் நிறுவன இசைத்தட்டு ஒன்றைத் துடைத்துப் போட்டதுபோல் இருக்கிறது. நல்ல மாணவர்களின் வேலை. அதற்கு மேல் இல்லை.

கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் ஓர் இளம் வித்துவானைத் துரித ஸ்வரத்தில் எடைபோட மாட்டார்கள், சவுக்க காலக் கீர்த்தனை வரும்வரை காத்திருப்பார்கள். ட்ரம்பெட்டில் அந்தச் சோதனை இன்னும் கடுமை. மெதுவாக, சன்னமாக ஊதும்போது உதடு சற்றுத் தளர்ந்தாலும் நாதம் உடைந்துவிடும்; மறைக்க வேகம் இருக்காது. இந்த ஆல்பத்தில் வரும், ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் 'ரூபி, மை டியர்' அப்படிப்பட்ட காதல் மெட்டு. அதன் சுரக்கோவை அடிக்கடி திசை மாறி, வாசிப்பவரை வித்தை காட்டத் தூண்டும். ஹார்க்ரோவ் அந்தத் தூண்டிலைக் கடிக்கவில்லை. மெட்டை விட்டு விலகாமல், விளிம்பில் மட்டும் காற்றுக் கலந்த நாதத்தை இழையவிடுகிறார். இதே ஆல்பத்தில் உள்ள 'ஈஸி டு ரிமெம்பர்' பாட்டை சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அறுபதுகளிலேயே அலங்காரமில்லாமல் வாசித்துவிட்டுப் போயிருந்தார். அந்த நிழலில் நின்றும் இந்தப் பையன் நகல் எடுக்கவில்லை.

ஆல்பத்தின் பெரிய குறை, நியூயார்க் தாண்டிய உலகம் அதில் இல்லாதது. அது கியூபக் கலைஞர்களோடு அவர் செய்த 'ஹபானா'வில் வந்தது. 1998இல் கிராமி வாங்கியதும் அதுதான். 2000இல் வயலின்கள் சூழ 'மொமெண்ட் டு மொமெண்ட்' என்று முழுக்கக் காதல் பாட்டுகளாகவே வாசித்தார். எனக்கு அதில் பாகு கூடிவிட்டது. இந்த முதல் தட்டின் சிறு குழுவில் அந்தத் தொல்லை இல்லை.

2018இல், 49 வயதில், அவர் இறந்தபோது பலரும் 'ஹபானா'வைத்தான் பேசினார்கள். சரிதான், முழு ஆல்பமாக அதுவே மேல். 'டைமண்ட் இன் தி ரஃப்' அதற்குப் பல படி கீழே. ஆனால் 'ரூபி'யை மட்டும் எடுத்தால், பிந்தைய ஆல்பங்களில் அதைவிட நேர்மையான நாதத்தை நான் கேட்கவில்லை.