தாலியும் நூறு மீட்டரும்

மாதர் அமைப்புகளின் நோட்டீசுகளை யாரும் எழுத்தாக மதித்து வாசிப்பதில்லை. மஞ்சள் தாளிலோ ரோஸ் தாளிலோ ஆயிரம் பிரதி அடிக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் கையில் திணிக்கிறார்கள், அடுத்த மழைக்குள் பாதித் தாள் ஓடையில் கிடக்கிறது. ஒரு கவிதைத் தொகுப்புக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது அந்தத் தாளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். தொகுப்பைச் சில நூறு பேர் படிப்பார்கள். நோட்டீசை ஒரு ஊர் படிக்கிறது. படிக்க முடியாதவர்களுக்கு ஆட்டோவில் மைக் கட்டி வாசித்தும் காட்டுகிறார்கள்.

குமரி மாவட்டத்தின் மேற்கு மூலையில், புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் பெண்கள் அமைப்புகள் எடுக்கும் பிரச்சினைகளில் அடிக்கடி வருவது மதுக்கடை. வரதட்சணை, குடிநீர், ரேஷன் எல்லாம் உண்டு. ஆனால் கட்சியும் சாதியும் மதமும் பார்க்காமல் பெண்கள் கூடி நிற்பது மதுக்கடைக்கு முன்னால்தான். அண்டி ஆபீசில் நாள் முழுக்க முந்திரி உடைத்து விரல் கறுத்தவர்கள், சுயஉதவிக் குழு அக்காமார், டீச்சர், சபைக்குப் போகிற அம்மாமார் எல்லோரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இந்தப் போராட்டம் வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, வேண்டும். அது யாருடைய குரலை இரவல் வாங்கிப் பேசுகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பகுதிக்கு இதில் ஒரு துயரமான முகவரி உண்டு. 2015 ஜூலை 31 அன்று, மார்த்தாண்டத்தை ஒட்டிய உண்ணாமலைக்கடையில் ஒரு டாஸ்மாக் கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அதன்பின் தமிழ்நாடு முழுக்க மதுக்கடைகளின் முன் ஆட்கள் கூடினார்கள். 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. (சிற்றூர்களுக்கு அது பிறகு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது.) 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் நெடுஞ்சாலையை விட்டு எழுந்தன. எழுந்தவை எங்கே போய் உட்கார்ந்தன? ஊருக்குள், குடியிருப்புகளுக்கு நடுவே, தண்ணீர் எடுக்கப் போகும் வழியில். சாலையில் வண்டி ஓட்டுபவரின் உயிரைக் காக்க எழுதப்பட்ட உத்தரவு, பெண்களின் தெருவுக்குக் கடையைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் கோடை முழுக்க மாநிலத்தின் பல ஊர்களில் பெண்கள் கடையை மறித்ததற்குக் காரணம் இதுதான்.

மறித்தவர்கள் மனு எழுத வேண்டியிருந்தது. இங்கேதான் முதல் இரவல் குரல் வருகிறது. 2003-ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள், மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தூரத்துக்குள் வழிபாட்டுத் தலமோ கல்வி நிறுவனமோ இருந்தால் அங்கே கடை கூடாது என்கின்றன. கோவிலும் பள்ளியும் விதிக்குள் இருக்கின்றன. வீடு இல்லை. ஒரு பெண் இரவு எட்டு மணிக்கு வேலை விட்டு நடந்துவரும் பாதை இல்லை. ஆகவே மனு எழுதும்போது, எது உண்மையான காரணமோ அதை மடித்து வைத்துவிட்டு, விதிக்குப் புரியும் காரணத்தைத் தேடுகிறோம். டேப் பிடித்து அளக்கிறோம். குருசடி உண்டா, சாஸ்தா கோவில் உண்டா, பள்ளிவாசல் உண்டா, பாலர் பள்ளி எத்தனை மீட்டர்? கடை 104 மீட்டரில் இருந்தால் மனு தோற்றது. ஜெயித்தால் கடை கோவிலை விட்டுத் தள்ளிப்போய், கோவில் இல்லாத தெருவில், பெரும்பாலும் ஏழைகளின் தெருவில், மறுபடி திறக்கிறது. அந்தத் தெருப் பெண்கள் இன்னொரு நோட்டீஸ் அடிக்க வேண்டும்.

கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாவது போடலாம். எங்கள் மாவட்டம் பேரூராட்சிகள் நிறைந்தது. புதுக்கடையும் பேரூராட்சிதான். பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. வெயிலில் நிற்பதும் ஆட்சியர் அலுவலகத்துக்கு நாகர்கோவில் வரை பஸ் ஏறுவதுமே எங்களுக்கு மிச்சம்.

இரண்டாவது இரவல் குரல் தாலி. எங்கள் தாலியைக் காப்பாற்று, பொட்டைக் காப்பாற்று என்ற வகை முழக்கம் தமிழ்நாட்டு மதுவிலக்குப் போராட்டத்தின் தேய்ந்த நாணயம். மதுக்கடை இளம் விதவைகளை உருவாக்குகிறது என்ற பேச்சைத் தேர்தல் மேடைகள் எடுத்துக்கொண்ட பிறகு அது இன்னும் தேய்ந்தது. புதுக்கடையில் இந்த முழக்கத்தைக் கேட்கும்போது கொஞ்சம் சிரிப்பும் வரும். கூட்டத்தில் பாதிப் பெண்களின் நெற்றியில் பொட்டு இல்லை, அவர்கள் கிறிஸ்தவர்கள். பெந்தெகொஸ்தே சபைப் பெண்கள் தாலியோ வேறு நகையோ அணிவதில்லை. தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து வரும் இஸ்லாமியப் பெண்களும் உண்டு. கணவரை விட்டு வந்தவர், கல்யாணமே செய்யாதவர், ஏற்கெனவே கணவரை இழந்தவர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இவர்கள் அத்தனை பேரும் தொண்டை கிழியக் காப்பாற்றச் சொல்வது, தங்கள் கழுத்தில் இல்லாத ஒன்றை. எங்கிருந்தோ எழுதி வந்த வரியை இங்கே மைக்கில் வாசிக்கிறோம்.

சிரிப்பு அதோடு நிற்கிறது. தாலி முழக்கத்தின் தர்க்கத்தைக் கவனியுங்கள்: மது கெட்டது, ஏனென்றால் அது கணவனைக் கொல்கிறது, கணவன் செத்தால் நான் கெட்டேன். அவன் உயிரோடிருந்து அடித்த பதினைந்து வருஷம் இந்த வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. அடி வாங்கிய பெண் தன் அடியைச் சொல்லிக் கோரிக்கை வைக்க முடியாமல், அடித்தவனின் ஆயுளைச் சொல்லிக் கோரிக்கை வைக்க வேண்டியிருக்கிறது. விதவையான பெண்ணோ இந்த முழக்கத்தில் கோரிக்கை வைக்கும் ஆளே அல்ல. மற்றவர்கள் பயப்படுவதற்கான படம்.

இலக்கண வகுப்பில் எழுவாய் பற்றிப் பேசும்போது நான் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுவதுண்டு. பல ஆண்டுகள் பாட்டில் லேபிளிலும் கடை வாசலிலும் சினிமாவிலும் பார்த்துப் பழகிய அரசு எச்சரிக்கை: குடி குடியைக் கெடுக்கும். நல்ல சிலேடை. ஆனால் எழுவாய் குடி, செயப்படுபொருளும் குடி. நடுவில் ஓர் ஆள் இருக்க வேண்டுமே, அவன் எங்கே? குடித்தவனும் இல்லை, விற்றவரும் இல்லை. இந்த வாக்கியத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை, குடி தானாக நடந்து வந்து குடியைக் கெடுத்துவிட்டுப் போகிறது. விற்பவரான அரசு இப்படி ஒரு வாக்கியத்தை விரும்புவது புரிகிறது. பெண்கள் அமைப்பின் நோட்டீசும் அதே இலக்கணத்தில் எழுதப்படுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மது சீரழிக்கிறது, போதை குடும்பத்தைப் பிரிக்கிறது, டாஸ்மாக் அடிக்கிறது. அடிக்கிறவன் மட்டும் எந்த வரியிலும் இல்லை.

2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு இந்தியா முழுமைக்கும் ஒரு கணக்குச் சொல்கிறது. அடிக்கடி போதையில் இருக்கும் கணவர்களைக் கொண்ட பெண்களில் 70 சதவீதம் பேர் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்த ஓர் எண் போதும், மதுக்கடைக்கு எதிராக நிற்க. ஆனால் அடுத்த எண்ணையும் படிக்க வேண்டும். குடிக்கவே குடிக்காத கணவர்களைக் கொண்ட பெண்களில் அது 23 சதவீதம். நூற்றுக்கு இருபத்து மூன்று பேர் தெளிந்த புத்தியோடு, சாப்பிட்டுக் கைகழுவிய கையால் அடிக்கப்பட்டவர்கள். மதுக்கடையை மூடச் சொல்லும் ஊர்வலத்தில் இவர்களும் நடக்கிறார்கள். இவர்களுக்கு நோட்டீசில் ஒரு சொல் கிடையாது. நல்ல மனுஷன், ஒரு துளி குடிக்க மாட்டான் என்று ஊர் சொல்லும் ஒருவனிடம் அடி வாங்குகிறவள், நம் மேடைப் பேச்சைக் கேட்ட பிறகு இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வாள். அதே ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

2017 ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், புதிய மதுக்கடைக்கு எதிராகச் சாலையில் நின்ற ஒரு பெண்ணைக் காவல்துறை உயர் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே காணொளியில் பார்த்தது. அந்த அறையைக் குடியின் கணக்கில் எழுத முடியாது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. வீட்டு வன்முறையைப் பற்றிப் பேசத் தெரியாமலா பெண்கள் கடையைக் குறிவைக்கிறார்கள்? கடையை நடத்துவது அரசு. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. ஆனாலும் மதுவால் வரும் வருமானம் 2022-23-இல் 44,000 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் இருந்தது, 2023-24-இல் 45,855 கோடி ஆனது. இப்படியொரு வியாபாரியை விட்டுவிட்டு, கூலி வேலை செய்யும் ஒரு ஆணின் ஒழுக்கத்தைப் பேசு என்றால், அது அரசுக்குத்தானே வசதி? ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் இது நடந்து காட்டியிருக்கிறது. 1992 வாக்கில் எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூலில் வந்த ஒரு பாடத்தைப் படித்துவிட்டு, துபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாவட்டமெங்கும் பரவி, சாராய ஏலத்தை நிறுத்தி, 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயத் தடையாகவும் 1995 ஜனவரியில் முழு மதுவிலக்காகவும் ஆனது. 1997-இல் மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்தப் போராட்டத்தைப் பற்றி சூசி தாருவும் தேஜஸ்வினி நிரஞ்சனாவும் எழுதிய கட்டுரையை மாணவிகள் அவசியம் படிக்க வேண்டும். ஆளாளுக்கு அந்தப் பெண்களைத் தங்கள் கதையின் நாயகியாக்கிக் கொண்டதை, பெண்ணியவாதிகளையும் விடாமல் அதில் விமர்சிக்கிறார்கள். அந்தப் பெண்கள் கூலியைப் பற்றியும் விலையைப் பற்றியும் அரசைப் பற்றியும் பேசினார்கள் என்பதை மறந்து, சீறியெழுந்த குடும்பத்தலைவி என்ற ஓர் உருவத்தை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

என் குறையும் அங்கேதான் வந்து நிற்கிறது. நெல்லூர்ப் பெண்கள் கணக்குக் கேட்டார்கள். நாம் தாலி காட்டுகிறோம். அரசைக் கேள்வி கேட்பதாக இருந்தாலும், உழைக்கிறவளாக, வரி கட்டுகிறவளாக, அந்தப் பாதையில் நடக்கிறவளாகக் கேட்க ஒரு மொழி வேண்டும். தாய்மார்களே என்று கூப்பிட்டால்தான் பெண்கள் வருவார்கள் என்று நம் அமைப்புகள் நம்புகின்றன.

அப்படி இல்லாத ஒரு குரலை இதே மாவட்டம் கேட்டிருக்கிறது. 2021 டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லிக் குளச்சலில் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்திலேயே நின்று சத்தம்போட்டுக் கேள்வி கேட்டார். காணொளி பரவியது, முதலமைச்சர் கண்டித்தார், ஓட்டுநர் உள்பட மூன்று ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர் அங்கே யாருடைய மனைவியாகவும் யாருடைய அம்மாவாகவும் நின்று பேசவில்லை. பஸ்ஸில் ஏறிய பயணியாக, அன்றைய வியாபாரத்தை முடித்தவராக நின்றார். எந்த அமைப்பும் அவருக்கு முழக்கம் எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று பேரை நீக்கியதோடு விஷயத்தை முடித்துக்கொண்டதில் எனக்குத் திருப்தியில்லை. மீன்கூடையோடு ஏறும் பெண்களுக்குப் பஸ்ஸில் என்ன ஏற்பாடு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் குரலின் இலக்கணத்தில் எழுவாய் தெளிவாக இருந்தது.

தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. சந்தைக்குப் போன பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. 1859-இல் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் வெளியிட்டது. அந்தக் காலத்து ஆவணங்களில் பெரும்பாலும் மிஷனரிகளும் திவானும் ஆளுநரும்தான் பேசுகிறார்கள். சீலை கிழிபட்டவள் என்ன சொன்னாள் என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். இன்றைக்கு நோட்டீஸ் அடிக்கும் வசதி பெண்கள் கையில் இருக்கிறது.

அதை எழுதுகிறவர்களின் சங்கடமும் எனக்குத் தெரியாததல்ல. பிரச்சாரத்தை உண்மையில் தூக்கிச் சுமப்பது சுயஉதவிக் குழுப் பெண்கள். வங்கிக் கடனும் வட்டார அலுவலகமும் அவர்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன. கூட்டத்துக்குப் பந்தல் போட்டுத் தருவதும் மைக் செட் தருவதும் ஊர் ஆண்கள். கோவில் கமிட்டியும் பங்குப்பேரவையும் ஆதரவு தருவது மதுக்கடை என்பதால்தான். அடிக்கிற ஆண் என்று நோட்டீசில் ஒரு வரி வந்தால், அந்தப் பந்தல் கிடைக்குமா? கிடைக்காமல் போகலாம். கடையை எதிர்க்க ஆண்களும் சேர்ந்து வருகிறார்கள் என்பதை நம் அமைப்புகள் பெருமையாகச் சொல்கின்றன. அவர்கள் சேர்ந்து வர என்ன விலை கொடுத்தோம் என்பதைச் செயற்குழுவிலாவது பேச வேண்டும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. குடித்துவிட்டு அடித்தானா, குடிக்காமல் அடித்தானா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். எந்த நேரமும் கூப்பிட 181 இருக்கிறது. தான் குடியிருக்கும் வீட்டிலேயே தொடர்ந்து வசிக்க ஒரு பெண் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம். இவற்றைச் சொல்ல நோட்டீசில் நான்கு வரி போதும். கோரிக்கைகள் முடிந்து, அச்சகத்தின் பெயர் வருவதற்கு முன்னால், இப்போது கொடியோ தலைவர்களின் பெயர் வரிசையோ போடும் இடத்தில் அந்த நான்கு வரியைப் போடலாம். அடுத்த நோட்டீசை எழுத உட்காரும் தோழிகள், தாலி என்று எழுதப் போகிற இடத்தில் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தி, அன்று ஊர்வலத்துக்கு வரப்போகிறவர்களின் பட்டியலை எடுத்துப் பார்க்கட்டும்.