மேடைக்கும் ஒரு சாய்தளம்

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சி: கழுத்தில் தொங்கும் ஸ்பீக்கர், கையில் மைக், நெரிசலில் வழி கண்டு நகர்ந்தபடி இளையராஜா பாட்டைப் பாடும் பார்வையற்ற பாடகர். வேப்பம்பட்டில் இறங்குவதற்குள் சில்லறை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். சுருதி சேர்ந்ததா என்று யோசிப்பதில்லை. அருமையாகப் பாடுபவருக்கும் சுமாராகப் பாடுபவருக்கும் ஒரே பத்து ரூபாய்தான். இந்தத் தடத்து ஊர்களில் படித்து மெல்போர்னுக்கும் லண்டனுக்கும் வேலைக்குப் போனவர்கள், அங்கே மாற்றுத்திறனாளிக் கலைஞர்களின் நாடகத்துக்கு முழுக் கட்டணம் கொடுத்து உட்காரும்போது இந்தப் பழக்கம்தான் முதலில் காலை வாரும். இரக்கத்தோடு பார்க்க வந்தவரை அந்த நாடகங்கள் சும்மா விடுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் 1987இல் தொடங்கிய பேக் டு பேக் தியேட்டரை எடுத்துக்கொள்வோம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அங்கே நடிகர்கள் மட்டுமல்லர். நாடகத்தை உருவாக்குவதும் அவர்களே. 2011இல் அரங்கேறிய ‘கணேஷ் வெர்சஸ் தி தேர்ட் ரைக்’ நாடகத்தில், ஸ்வஸ்திகாவை மீட்க நம் பிள்ளையார் ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போகிறார். இந்து அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஆனால் பாதி நாடகம் பிள்ளையாரைப் பற்றியதே அல்ல, அது ஒத்திகை. இந்தக் கதையைச் சொல்ல நமக்கு உரிமை உண்டா, நடிப்பது என்னவென்று இவருக்குப் புரிகிறதா என்று நடிகர்கள் தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள். அதட்டி மிரட்டும் இயக்குநர் பாத்திரம் ஒரு கட்டத்தில் பார்வையாளர் பக்கம் திரும்பி, நீங்கள் விநோதப் பிறவிகளை வேடிக்கை பார்க்கத்தானே வந்தீர்கள் என்ற தொனியில் சீறுகிறது. உடைந்த தந்தமும் யானைத் தலையுமாக நிற்கும் கடவுளை இந்தக் குழு தேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 2022இல் சர்வதேச இப்சன் விருது இக்குழுவுக்குக் கிடைத்தது.

சூரிச்சில் அறிவுசார் குறைபாடு உள்ள நடிகர்களின் ஹோரா குழுவோடு நடன இயக்குநர் ஜெரோம் பெல் 2012இல் உருவாக்கிய ‘டிஸேபிள்டு தியேட்டர்’ சர்ச்சைக்குள்ளானது. சுரண்டல் என்றவர்களும் உண்டு. அதில் நடித்த, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஜூலியா ஹாய்ஸர்மன் 2013இல் பெர்லின் நாடக விழாவில் ஆல்ஃபிரட் கெர் நடிப்புப் பரிசைப் பெற்றார். தனிப் பிரிவில் அல்ல, எல்லா இளம் நடிகர்களுக்குமான பரிசு அது.

பிரிட்டனில் கதை வேறு. 1980இல் தொடங்கிய கிரேயே குழு, செவித்திறனற்ற இயக்குநர் ஜென்னி சீலியின் காலத்தில் சைகை மொழியையும் காட்சி விவரணையையும் நாடகத்துக்குள்ளேயே நெய்தது. ஓரத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவைப்பதல்ல அது. பாத்திரமே சைகையில் பேசும். நமக்கு இன்னும் நெருக்கமானவர் ரமேஷ் மெய்யப்பன். சிங்கப்பூரில் பிறந்து கிளாஸ்கோவில் வாழும் செவித்திறனற்ற கலைஞர். 2025இல் ‘லியர்’ கதையை வசனமே இல்லாமல் மேடையேற்றினார். மகள்கள் வாயால் அளந்து காட்டும் அன்பில் தொடங்கும் கதை அது. அதிலிருந்து பேச்சை எடுத்துவிடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இலங்கையில் 2000 முதல் இயங்கும் சுனேரா அறக்கட்டளை, போரில் உறுப்பிழந்த சிப்பாய்களையும் மாற்றுத்திறனாளி இளைஞர்களையும் ஒரே மேடையில் ஏற்றியது. கொல்கத்தாவின் பிளைண்ட் ஓபரா குழு தாகூரின் ‘ராஜா’வை நடித்தது. இருட்டறையில், கண்ணுக்குத் தெரியாத அரசனின் கதை. பார்வையற்ற நடிகர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பிரதி கிடைப்பது அரிது. டெல்லியில் சையத் சலாவுதீன் பாஷாவின் எபிலிட்டி அன்லிமிடெட் குழு சக்கர நாற்காலியில் பரதம் ஆடுகிறது. நாற்காலி சுழலும் வேகத்திலேயே நம் கைதட்டல் தீர்ந்துபோகிறது. அடவு எப்படி மாறியது, அரைமண்டி இல்லாத உடலில் தாளம் எங்கே நிற்கிறது என்று எழுதுபவர் குறைவு. நடனக் கலைஞர் சுதா சந்திரன் கதையும் இதுதான். 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தும் ஜெய்ப்பூர் செயற்கைக் காலும் எல்லோருக்கும் தெரியும். 1984இல் மேடைக்குத் திரும்பியவர் என்ன ஆடினார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

குறையைத் தாண்டிக் கலையைப் பார்க்க நமக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. குழலைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரிக்குப் பார்வை கிடையாது. வயலின் மேதை எம். சந்திரசேகரனுக்கும் கிடையாது, மியூசிக் அகாடமி 2005இல் அவருக்கு சங்கீத கலாநிதி வழங்கியது வாசிப்புக்காக. சபாவில் அவரைக் கேட்டவர்கள் ராகத்தைத்தான் அலசினார்கள். சங்கீதத்துக்கு வாய்த்த காது நாடகத்துக்கும் நடனத்துக்கும் இன்னும் வரவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 29ஆம் பிரிவில் கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் அளிக்கச் சொல்கிறது. பார்வையாளர் வரிசை வரை சாய்தளம் போட்ட அரங்குகள் இன்று பல உண்டு. அவற்றில் பலவற்றிலும் மேடைக்குப் போக பக்கவாட்டுப் படிகள்தான். சக்கர நாற்காலியில் ஒருவர் பார்க்க வருவார் என்று கட்டியவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆட வருவார் என்று தோன்றவில்லை.